தரைப்பாலத்திலிருந்து ஐம்பது நிமிடம்

ராஜபாளையத்தில் முத்துவீரன் சிலிண்டர் போட ஆரம்பித்து இருபத்தோரு வருடம் ஆகிறது. வன்னியம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கிணறு வற்றிய வருடம் மனைவி கருத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, கேஸ் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது கிலோ சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போதுகூடப் பேசிக்கொண்டேதான் ஏறுவார். சொந்தக்காரர்களே வாசலோடு நிற்கும் வீடுகளில் அவர் அடுக்களை வரை போவார்.

அவர் குடியிருப்பது ஓடைக்கரைத் தெருவில். மொத்தம் அறுபத்திரண்டு வீடு. மலையிலிருந்து இறங்கும் ஓடை தெருவின் பின்பக்கமாகப் போகிறது. வருடத்தில் பத்து மாதம் அதில் ஆடுதான் மேயும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மாத மதியம். ஊரில் தூறல்கூட இல்லை. முத்துவீரன் கிருஷ்ணன்கோவில் பக்கம் லோடு இறக்கப் போயிருந்தார். மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி, கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் புகுந்துவிட்டது. சேதி கேட்டு அவர் ஓடிவந்தபோது நெஞ்சளவு தண்ணீர். ஜன்னல் வழியாகப் பார்த்தார். கருத்தம்மா அடுப்பு மேடை மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களுக்கும் நடுவே சிலிண்டரை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது மிதந்து வந்து, ரப்பர் டியூப்பை இழுத்துப் பிய்த்திருக்கிறது. 'உஸ்' என்று சத்தம் கேட்டதும் அவள் கையை நீட்டி ரெகுலேட்டரைத் திருகி அடைத்துவிட்டாள். விட்டால் அது எங்கேயாவது மோதுமே என்று பயந்து, இரண்டு மணி நேரம் காலாலேயே பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கரைக்குக் கூட்டி வந்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்.

"சிலிண்டர் மிதக்கும்னு நீங்க சொல்லவே இல்லயே?"

"எனக்கே தெரியாது தாயி," என்றார் முத்துவீரன்.

அந்தப் பதில் அவரை விடவில்லை. பன்னிரண்டு வருடம் ஊருக்கெல்லாம் சுமந்து போட்ட பொருளைப் பற்றித் தனக்கே தெரியவில்லையே என்று குமைந்தார். அடுத்த வாரம், மலையடிவாரத்தில் மாந்தோப்புக் காவல் பார்க்கும் தன் கூட்டாளி மொக்கைச்சாமியிடம் போனார். தோப்புத் தொட்டி நிறையத் தண்ணீர் விடச் சொல்லி, கேஸ் நிரம்பிய சிலிண்டரை அதில் இறக்கினார். அவ்வளவு கனமும் முங்காமல், கழுத்தை நீட்டிக்கொண்டு மிதந்தது.

"ஏலே, இது வாத்து மாதிரில்ல நிக்குது," என்றார் மொக்கைச்சாமி.

அன்றைக்கு அந்தத் தோப்பில்தான் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தோப்புக்குப் போகும் வழியில் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. தண்ணீர் அதை மூடிப் போனால் மொக்கைச்சாமி உடனே போன் போட வேண்டும். அந்தத் தண்ணீர் தெருவுக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று, கையில் கடிகாரத்தோடு முத்துவீரன் தெருவின் பின்னால் நின்று பார்ப்பார். அடுத்தடுத்து வந்த மழைக்காலங்களில் மூன்று தடவை அப்படிப் பார்த்தார்கள். ஒரு தடவை ஐம்பத்தைந்து நிமிடம், ஒரு தடவை ஐம்பத்திரண்டு, ஒரு தடவை சரியாக ஐம்பது. மூன்று தடவையும் தண்ணீர் கரைக்குள்ளேயே போய்விட்டது. முத்துவீரன் ஐம்பது என்றே மனதில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் சிலிண்டர் போடுகிற விதமே மாறிவிட்டது. புதுச் சிலிண்டரை மாட்டியதும், ஆட்டோவில் கிடக்கும் நைலான் கயிற்றில் இரண்டு முழம் அறுத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சிலிண்டரைக் கட்டுவார். வீட்டுக்காரம்மாவையே ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போடச் சொல்லிப் பார்ப்பார். ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரை எல்லாம் மூடி போட்ட ஒரே வாளிக்குள் இருக்க வேண்டும், அந்த வாளி பரண் மேல் இருக்க வேண்டும் என்பார். கிளம்பும்போது, பழைய வெள்ளம் நின்ற உயரத்துக்கு வாசல் சுவரில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் கோடு போய்விடும். அடுத்த சிலிண்டரோடு மறுபடியும் வந்துவிடும்.

தெருவில் அவருக்குக் கோட்டுவீரன் என்று பட்டப்பெயர் விழுந்தது. அதை வைத்தவர் சௌந்தரபாண்டியன். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும்.

"வீரா, இங்கனயிருந்து கடலு எம்புட்டுத் தூரம் தெரியுமா? கன்னியாகுமரிக்காரன் பயப்படலாம். நம்ம ஊருல குடிக்கத் தண்ணியைக் காணோம், நீ முங்குறதுக்குத் தண்ணி வருதுங்கிற," என்பார் ஏட்டையா.

"கடல் எதுக்குங்க ஏட்டையா, நமக்கு மலை இருக்கே," என்பார் முத்துவீரன்.

தெருமுனையில் பேண்டேஜ் துணிக் குடோன் ஒன்று இருந்தது, மாடியோடு. அதன் முதலாளி கௌதம்ராஜிடம் கேட்டு மாடிச் சாவியில் ஒன்றை வாங்கி, கருத்தம்மாவிடம் கொடுத்து வைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்று சொல்லிவிட்டார். காலிச் சிலிண்டரை ஸ்பானரால் மூன்று தட்டு தட்டுவேன், எல்லாரும் மாடிக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. தட்டினார். வந்தது பதினோரு பேர். அதில் மூன்று பேர் சிலிண்டர்தான் வந்திருக்கிறது என்று நினைத்து கேஸ் புத்தகத்தோடு வந்தவர்கள். முத்துவீரன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க பேச்சுக்கு வர மாட்டாக. சோத்துக்கு வருவாக," என்றாள் கருத்தம்மா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடோன் மாடியில் அவள் கறிக்குழம்பு வைத்தாள். நூற்று நாற்பது பேர் வந்தார்கள். யார் யாரைத் தூக்குவது, யார் எந்தக் கதவைத் தட்டுவது எல்லாம் அந்தப் பந்தியில்தான் முடிவானது. ஏட்டையாவும் வந்து சாப்பிட்டார். சாப்பாட்டைப் பாராட்டினார், ஒத்திகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு நாளாக மலை கண்ணுக்குத் தெரியவில்லை, மேகம் அப்படி இறங்கியிருந்தது. தெருவில் லேசான சாரல்தான். ஒன்பது இருபதுக்கு முத்துவீரனின் போன் அடித்தது.

"வீரா, தரைப்பாலம் முங்கிருச்சு," என்றார் மொக்கைச்சாமி. "இதுவரைக்கும் பாத்த மாதிரி இல்ல. மரம் வேரோட வருது. பாலத்துக் கல்லு ஒண்ணுகூடத் தெரியல."

முத்துவீரன் வெளியே வந்து காலிச் சிலிண்டரை மூன்று தட்டு தட்டினார். கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. கதவுகள் திறந்தன. "நெசமாவா?" என்று ஒரே ஒரு குரல் கேட்டது. "நெசந்தான். பத்து மணிக்குள்ள மாடியில இருக்கணும்," என்றார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்ச் அணைந்தது, ரெகுலேட்டர் கழன்றது. வாளிகள் பரணிலிருந்து இறங்கி இடுப்புக்கு வந்தன. ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு கூட்டம் மேட்டு ரோட்டுக்குப் போனது.

மூன்றாவது வீட்டில் ஜாஸ்மின் தனியாக இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. கணவன் ஜோயல் ராணுவத்தில், ராஜஸ்தான் எல்லையில் இருந்தான். பந்தியில் பேசி வைத்தபடி நான்கு பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து, அவளை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பத்து மணி ஆனபோது மாடியில் கருத்தம்மா வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினாள். ஓர் ஆள் குறைந்தது.

"ஏட்டையாவைக் காணோம். வீட்டுக்காரம்மா இந்தா இருக்காக, அவியளைத்தான் காணோம்."

முத்துவீரன் கீழே ஓடினார். பின்பக்கம் ஓடையின் சத்தம் ரயில் வருவது போல் கேட்டது. கரை வழிந்து, தெருவுக்குள் கணுக்கால் அளவுக்குச் செந்தண்ணீர் வந்துவிட்டது. ஏட்டையா வீடு பூட்டியிருந்தது. ஜாஸ்மின் வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. உள்ளே அடுக்களையில் அறுபத்தாறு வயது ஏட்டையா மண்டி போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"நேத்துத்தான் நீ இல்லாதப்ப யாரோ புதுசு மாத்திக் குடுத்திருக்காக. கயிறு அவுந்து கெடந்துச்சு. வயித்துப் பிள்ளைக்காரி, குனிய முடியாதுல்ல," என்றார்.

"ஒங்க வீட்டுச் சிலிண்டரு?"

ஏட்டையா முடிச்சை இழுத்து இறுக்கினார். "அது ரெண்டு வருசமாக் கட்டித்தான் கெடக்கு. நீ போடுற முடிச்சு சரியில்லன்னு நானே போலீஸ் முடிச்சாப் போட்டுட்டேன். வெளிய சொல்லாத."

வெளியே வந்தபோது முழங்கால் அளவு. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒருவர் கையை ஒருவர் விடாமல் குடோன் படிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது படியில் கால் வைத்தபோது ஓடைக்கரை உடைந்தது. மணி பத்து பதினொன்று.

மாடியிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். தண்ணீர் வாசல்களில் ஏறி, ஜன்னல் அடிக்கட்டையைத் தொட்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நின்றது. தங்கள் வீடு முங்குவதைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். ஜாஸ்மின் வயிற்றில் கை வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தாள். கருத்தம்மா மறுபடியும் பெயர் சொல்லி எண்ணினாள். இருநூற்று முப்பத்தாறு பேர். கணக்கு சரியாக இருந்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு மாடி முழுக்கத் தட்டியது.

மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வடிந்தது. முட்டளவு சேறு. டிவி போச்சு, மெத்தை போச்சு, பள்ளிக்கூடப் புத்தகங்கள் போச்சு. முத்துவீரன் வீடு வீடாக ஏறி இறங்கினார். அறுபத்திரண்டு அடுக்களையிலும் சிலிண்டர் கட்டிய இடத்தில் கட்டியபடி நின்றது. ஒவ்வொன்றையும் துடைத்து, டியூப் மாற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, வீசுகிற காற்றில்கூட கேஸ் வாசனை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பற்ற வைக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தெருவில் இருபது அடுப்பு எரிந்தது. பரணில் தப்பிய அரிசியும் புளியும் போதுமானதாக இருந்தன.

ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலும் வெள்ளம் புகுந்திருந்தது. ஆட்கள் தப்பிவிட்டார்கள். சிலிண்டர்களில் பாதி ஓடையோடு போய்விட்டன. காலையிலிருந்து அங்கே யாரும் சாப்பிடவில்லை. கேஸ் ஆட்டோவில் ஐந்து அண்டா புளிச்சோற்றை ஏற்றிக்கொண்டு முத்துவீரனும் ஏட்டையாவும் போனார்கள். வரிசையில் முதலில் நின்ற செல்லக்கனி என்ற பெண், சூடாக இருந்த சோற்றைக் கையில் வாங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, ஒங்க தெருவுல தண்ணி வரலியா?"

"நெஞ்சுக்கு வந்துச்சும்மா."

"பொறவு எப்படி அடுப்பு எரியுது?"

முத்துவீரன் சொல்ல ஆரம்பித்தார். தட்டோடு அப்படியே பத்துப் பேர் சுற்றி நின்றார்கள், பிறகு முப்பது பேர். நடுவில் ஏட்டையா குறுக்கிட்டு, "செத்த நேரம் இரு வீரா, முடிச்சை நான் காட்டுதேன்," என்று ஆட்டோவிலிருந்து கயிற்றை எடுத்து வந்தார்.

ஜனவரியில் ஜாஸ்மினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீவில் வந்த ஜோயல், முதல் வேலையாக வீட்டுச் சுவரில் சாக்பீஸ் கோட்டுக்குப் பதில் பெயிண்டில் கோடு போட்டான். புதுக் கோடு, பழையதைவிட ஒரு சாண் மேலே.

அதே மாதம் செல்லக்கனியின் குடியிருப்பில் ஒத்திகை வைத்தார்கள். கறிக்குழம்பு இல்லை, வெறும் டீதான். வந்தவர்களுக்கு இடம் போதாமல், ஏட்டையா விசில் ஊதி எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்.