நெஞ்சு நிறைய இழு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சாமைக் களத்தில் மூச்சு அடைத்துக்கொண்டது. தூற்றும் தூசி எனக்கு ஆகாது என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் மாமாவோடு போயிருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். பாதி வேளை பலிக்கவும் செய்யும்.

“பயப்படாத பாப்பா. நெஞ்சு நெறய இழுத்து வுடு. தூசி அடைச்சா நான் இப்டித்தான் பண்ணுவேன், டக்குனு வுட்டுடும்” என்று இழுத்துக் காட்டினார்.

நானும் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே எதுவோ இன்னும் இறுகியது. நெஞ்சுக்குள் விசிலடித்தது. பேச்சு நின்றுபோனது.

சேதி கேட்டு அம்மா மூச்சுக்கு மருந்தடிக்கும் என் பம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். குலுக்கி, வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து தீர்ந்திருந்தது.

மாமா வண்டியை எடுத்தார். நடுவில் நான், பின்னால் அம்மா. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் வளைவுக்கு வளைவு மாமா கத்திக்கொண்டே வந்தார். “இழு பாப்பா, நல்லா இழு!”

“இழுக்க இழுக்கத்தான் அதிகமாவுது. நீ வாய மூடிக்கினு வண்டிய ஓட்டுடா!” அம்மாவின் குரல் உடைந்தது. என் உதடு அப்போது நீலம் பாரித்திருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாட்டிய மூடிக்குள் மருந்துப் புகை வந்தது. நெடுநேரம் கழித்து இறுக்கம் விட்டது.

“இன்னா ஆச்சு கண்ணு?” என்றார் நர்ஸ்.

திரும்பி வந்த முதல் பேச்சை அதற்குச் செலவழித்தேன். “மாமாதான் இழுக்கச் சொன்னாரு. அதான் ஜாஸ்தியாச்சு.”

வாசலில் நின்றிருந்த மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு நான் லேசாக இருமினாலே மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

மூச்சுக்குழலைச் சுற்றித் தசை இருக்கிறது என்பதை வெகுநாள் கழித்து ஒரு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். ஆழமாக இழுக்கும் மூச்சு அந்தத் தசையை நீட்டும். பெரும்பாலோருக்கு அது அப்படியே தளர்ந்துவிடும். என்னைப் போன்ற சிலருக்குத் தளராது, சில சமயம் இன்னும் இறுகும். மாமா பொய் சொல்லவில்லை. தன் நெஞ்சில் பலித்ததைத்தான் எனக்குக் கொடுத்தார்.

வெளியே போகிறவர் தூரமாகவும் போகமாட்டார். வண்டியை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருப்பி, ஸ்டார்ட் செய்து, என் இருமல் அடங்கும்வரை வாசலிலேயே உறுமவிட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே படுத்திருக்கும் நான், மாமா கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்றே ஒவ்வொரு முறையும் நினைத்தேன்.