ஆமையை மிரட்டிய என் திட்டம்

அந்தமானுக்குக் குடும்பத்தோடு விடுமுறை போயிருந்தபோது, கடற்கரை மணலில் குப்புறப் படுத்துக் கிடக்கையில்தான் அந்த எண்ணம் வந்தது. பத்தடி தள்ளி ஒரு பங்குனி ஆமை முட்டையிட்டுக்கொண்டிருந்தது. செல்போன்களை வனக்காவலர் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டார். ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை எங்களைக் கிட்டே விடவும் இல்லை. இதே ஆமை மாமல்லபுரம் பக்கமும் கரையேறுகிறதே, என் பொத்தேரி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து பைக்கில் போகிற தூரம்தானே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்?

திரும்பி வந்த வாரமே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஆமைக் கூடுகளைக் காக்கும் குழுவில் இருக்கும் ஒரு மீனவ அண்ணனைப் பிடித்தேன். முறையாக அனுமதி வாங்கி எங்களையும் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை இரவு ஹாஸ்டல் நண்பர்கள் இருவரோடு போனேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தேன். கரையில் இறங்கியதும் எல்லோர் போனையும் அணைக்கவைத்துப் பையில் போட்டேன், என்னுடையதையும் சேர்த்து. மூன்றாவது நண்பன் மறைமலைநகர் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வரவேண்டும். நாங்கள் உட்காரப்போகும் இடத்தையே அவனுக்கு லொகேஷனாக அனுப்பியிருந்தேன்.

ஒரு மணி வாக்கில் ஈர மணலில் ஒரு கருப்பு மேடு அசைந்தது. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறியது. மேலே வந்து, துடுப்புகளால் மணலைத் தள்ள ஆரம்பித்தது. அண்ணன் எங்களைக் கையால் அமர்த்தினார். முட்டையிடத் தொடங்கிவிட்டால் அது எளிதில் கலையாது. அதுவரை எதைக் கண்டாலும் மிரளும்.

சவுக்குத்தோப்புப் பக்கம் பைக் சத்தம் கேட்டது. வெளிச்சம் மணலைத் துழாவிக்கொண்டு வந்து ஆமையின் மேல் விழுந்தது. ஆமை துடுப்பை நிறுத்தியது. பிறகு கடலைப் பார்த்துத் திரும்பியது. அலை அதை எடுத்துக்கொண்டது.

"இன்னா மச்சான், ஆமை வந்துச்சா?" ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான் நண்பன்.

"வந்துச்சு நைனா. உன்னப் பாத்துட்டு பூடுச்சு," என்றார் அண்ணன். "லைட்ட அமுத்திகினு வரத் தெரியாதா?"

"புது வண்டி அண்ணாத்த. இஞ்சின் ஓடிகினு இருந்தா லைட்டு அணையாது. இவனுக்கு ஆறு தபா போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். மேப்புல புள்ளி காட்ன எடத்துக்கு வந்துட்டேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "லொகேஷன் போட்டது யாரு?"

"நான்தான்."

"போன அணைக்கச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"ரொம்ப ஜோரா பிளான் பண்ணிகீற."

வயிற்றில் முட்டையோடு போயிருக்கிறது. வேறெங்காவது ஏறும். அது சுற்றுலா விடுதி விளக்குகளுக்கு எதிரிலா, நாய்கள் திரியும் இடத்திலா, யாருக்குத் தெரியும்? விடியும்வரை கரையில் நடந்து பார்த்தோம். புதுத் தடம் ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் போகிறோம். அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று நாள் ஆயிற்று. வண்டிகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து இறங்குவோம். ஆனால் எங்கள் வண்டி மட்டுமா வரும்? தோப்புப் பாதை தொடங்கும் இடத்தில் ஓர் ஆள் நின்று, வருகிற வண்டியையெல்லாம் மறித்து இஞ்சினை அணைக்கச் சொல்லவேண்டும். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, ஆமையும் தெரியாது. அந்த இடத்தில் நான் நிற்கப்போகிறேன்.