ஆத்தோர லயம் வரை போன ஊர்வலம்

லோகு அண்ணன் போய்விட்டார் என்று என் தம்பிதான் போனில் சொன்னான். நான் அவிசாவளையில் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், திரீவீலரில் ஏற்றிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அன்று வீட்டுக்குப் போகாமல் நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். அவரைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அங்கே அவரைப் பற்றி நல்லதாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்கிற வேலை அவருக்கு. வாலிபர் சங்கத்துக்குப் பல வருஷம் அவர்தான் செயலாளர், நான் துணைச் செயலாளர். எதற்கும் பதறமாட்டார். "பாத்துக்கலாம் விடும்மா" என்பார். பாதி நேரம் பார்த்துக்கொள்ளவும் மாட்டார், கடைசியில் அது என் தலையில் வந்து விழும்.

சண்டை நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு பத்துப் பதினைந்து பிள்ளைகளை எங்கள் தோட்டத்துக்கு அனுப்பியது. ஜப்பான், ஜெர்மனி, கொரியா, இந்தியா என்று ஆளுக்கொரு நாடு. அவர்களும் நாங்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு வாரத்தில் ஓர் ஊர்வலம் தயார் செய்து, யட்டியாந்தோட்டை பஜாரின் நடுவே நடக்க வேண்டும். எங்களுக்கு பஜார் என்றால் ரோட்டு ஓரமாகப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு ஓரமாகவே திரும்புகிற இடம். கேட்டதும் காட்டுவதற்காக ஐடென்டிட்டி கார்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போன வருஷங்களும் உண்டு. அந்த ரோட்டில் நடுவே நடக்கப்போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் மூங்கிலை வளைத்து, இரண்டு ஆள் உயரத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண் பொம்மை ஒன்றைச் செய்தோம். காகிதம் ஒட்டப் பசை தீர்ந்துபோனது. லோகு அண்ணன் ஸ்டோரிலிருந்து ஒரு வாளி ரப்பர் பாலைத் தூக்கி வந்து, இதைவிட எது ஒட்டும் என்றார். நன்றாகத்தான் ஒட்டியது. மூன்றாம் நாள் அடித்த நாற்றத்தில் ஜெர்மன்காரப் பையன் யோனாஸ் மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். ஜப்பான் பெண் யூமிக்கு அந்த நாற்றம் ஒன்றும் செய்யவில்லை. அவளும் நானும் ஒட்டிக்கொண்டு திரிந்தோம். என் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள். தூரம் என்று சொல்லிவிட்டேன்.

தூரமெல்லாம் இல்லை, பத்து நிமிஷ நடை. தோட்டத்து ஆட்கள் இருக்கிற வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம், நான் ஆத்தோர லயத்தில் பிறந்தவள். எங்கள் சாதிக்காரர் மட்டும் இருந்த லயம் அது. கோயில் திருவிழாவில் சாமி எல்லா லயத்துக்கும் போகும், எங்கள் லயத்துக்கு இறங்கும் வளைவு வந்ததும் திரும்பிவிடும். இதை யூமியிடம் எந்தப் பாஷையில் சொல்வது?

ஊர்வலத்தன்று ஒன்றரைக்குப் புறப்பட்டோம். பஜாருக்குள் நடக்க நாலு மணி வரைதான் பொலிஸ் அனுமதி. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவள் நான். எங்கள் சனத்தை நான் மறந்துபோனேன். ஊர்வலம் என்றால் அவர்களுக்குச் சாமி ஊர்வலம்தான். ஒவ்வொரு லயத்திலும் தட்டோடு காத்திருந்தார்கள். காகிதப் பொம்பளைக்குச் சூடம் காட்டினார்கள், தூக்கி வந்தவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். யோனாஸ் சப்பாத்தோடு நனைந்து நின்று சிரித்தான். எங்கள் லயத்துக்கு இறங்கும் வளைவுக்கு வந்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது.

நான்தான் முதலில் சொன்னேன். "அண்ணே, கீழ சாமியே போறதில்லங்க. நேரா பஜாருக்குப் போயிருவோம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

"இந்தப் புள்ளைங்க ஏன் திரும்புறோம்னு கேட்டா நான் என்ன சொல்றது தங்கச்சி?" என்றார். பிறகு பொம்மையைத் தூக்கியவர்களிடம் கீழே இறங்கச் சொன்னார்.

எங்கள் லயத்தில் யாரும் தட்டு ஆயத்தம் செய்திருக்கவில்லை. அப்படி ஒரு வழக்கமே அங்கே கிடையாது. பெண்கள் சூடம் தேடி வீட்டுக்குள் ஓடினார்கள். என் அம்மா ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டையில் சூடத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைக் கண்டு, "முன்னயே சொல்லியிருந்தா வாசலக் கூட்டியிருப்பேனே" என்று அழுதார். இவர் யாரென்று யூமி கேட்டாள். அம்மா என்றேன். இதுதான் எங்கள் லயம், ஆத்தோர லயம் என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஜாருக்கு முன்னால் இருக்கிற பாலத்தை அடைந்தபோது நாலே கால். சார்ஜன்ட் கையைக் குறுக்கே நீட்டி, "வெலாவ இவரய்" என்றார். நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். லோகு அண்ணன் சிங்களத்தில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பொம்மையைப் பாலத்தடியில் சாய்த்துப் பிரித்தோம். எங்கள் பையன்களில் சிலர் அழுதார்கள். பஜாருக்குள் அன்று நாங்கள் கால் வைக்கவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் அவரைச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆத்தோர லயத்தின் பெயரை யாரும் எடுக்கவில்லை, நேரத்தை வீணாக்கினார் என்றுதான் பேசினார்கள். கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். பஜாரை இழந்த ஆத்திரம் ஒரு பக்கம், யூமியின் முன்னால் என் வீடு வெளிப்பட்டுவிட்ட வெட்கம் ஒரு பக்கம். அவர் எழுந்து என்னிடம் கணக்குப் புத்தகங்களைத் தந்தார். "பாத்துக்கம்மா" என்றார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் லயத்துக்கு வந்து, அம்மா கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஆறு தீபாவளி இருந்தது.

இப்போது பள்ளிக்கூடத்தில் யாராவது தோட்டத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால், ஆத்தோர லயம் என்று சொல்கிறேன். அவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு இறங்கியதால் வந்த வாய் இது. அவருக்கு எதிராகத் தூக்கிய கையும் என்னுடையதுதான். இரண்டையும் வைத்திருக்கிறேன்.