நரியைக் கிணற்றிலேயே விடச் சொன்ன செல்வி அக்கா

அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: குடுமியான்மலைப் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் கடந்த செவ்வாய்க்கிழமை முட்டை போடவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கைதான் செய்தி கொண்டுவந்தாள். "என்னடி, கோழி லீவா?" என்று சிரித்தேன். "செல்வி அக்கா எறந்துட்டாங்களாம்ணே" என்றாள்.

செல்வி அக்கா சத்துணவுச் சமையலர். அவர் கையால் சாப்பிட்ட உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். நான்காம் வகுப்பில் மட்டும் நான்கு டீச்சர்களை ஏமாற்றியவன்.

அந்த வருடம் எங்களுக்கு டீச்சர் நிலைக்கவில்லை. ஒருவர் பிரசவ விடுப்பில் போனார், மற்றவர்கள் மாறுதலில். புதிதாக வந்த எல்லாரும் தமிழில் முதல் பாடத்தைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். எனக்கோ எழுத்துக்கூட்டவே வராது. அந்த ஒரு பாடத்தை மனப்பாடம் செய்து, வரியின்மேல் விரலை ஓட்டியபடி ஒப்பித்துவிடுவேன். மூன்றாம் பாடம் வருவதற்குள் டீச்சர் மாறிவிடுவார்.

ஜூன் மாதமே அக்கா என்னைச் சாப்பாட்டு வரிசையிலிருந்து ஓரங்கட்டினார். "புத்தகத்த நடுவுல பிரிச்சு வாசிடா."

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில், படத்தைப் பார்த்து ஒரு கதை விட்டேன். முட்டை உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, போன வருசம் பிள்ளைக வாசிக்கையில நரி கெணத்துக்குள்ளல்ல கெடந்துச்சு? ஒனக்கு மட்டும் எப்படிறா ஏறி வந்துச்சு?"

வருடா வருடம் பிள்ளைகள் சத்தம்போட்டு வாசித்ததை அடுப்படியிலிருந்தே கேட்டு, முழுப் புத்தகத்தையும் காதிலேயே வைத்திருந்தார்!

"டீச்சர்கிட்ட சொல்லிராதீங்கக்கா."

"நான் ஏன்டா சொல்றேன்? தெனம் சாப்பிட்டுட்டு இங்கிட்டு வந்து ஒரு பக்கம் வாசி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. கத விடாத."

டீச்சர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அடுப்படி வாசல் மாறவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் போகுமுன் நரியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வாசிக்கப் பழகியிருந்தேன்.

துக்கத்துக்கு அந்த நால்வரில் ஒரு டீச்சர் மணமேல்குடியிலிருந்து வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "என்னடா, நரி இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"ஒங்களுக்கு எப்படி டீச்சர்..."

"நான் வந்த மொத நாளே அக்கா நரிக் கதையோட எல்லாத்தையும் சொல்லிட்டாங்கடா. 'இவன் ஒப்பிப்பான், நம்புன மாதிரி இருந்துக்கங்க. வகுப்புல வச்சுக் கேட்டா வெக்கத்துல பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டான். எங்கிட்ட வாசிக்கிறான்'னு. எனக்கு முன்னாடி வந்தவங்க, பின்னாடி வந்தவங்க, எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க."

ஆகவே ஒரு திருத்தம்: நான் ஏமாற்றிய டீச்சர்கள் ஒருவரும் இல்லை. அக்கா எனக்கு விட்டுப்போனது வாசிப்பு. இன்னொன்றும் இருக்கிறது, வெளியே சொல்லிவிடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பிலும் வரியின்மேல் விரலை வைத்துத்தான் வாசிக்கிறேன். அப்போது அது நடிப்பு; இப்போது நிஜமாகவே அது தேவைப்படுகிறது.