லிக்டன்ஸ்டைக் போன சனிக்கிழமை

நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். எண்பதுகளின் பின்பாதியில், சுவிஸின் வில் நகரத்துக்கு நான் வந்து ஒரு வருடமான சமயம், அந்த முறை பயணம் லிக்டன்ஸ்டைக் என்ற பழைய சந்தை நகரத்துக்கு என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ரயிலில் கொஞ்ச நேரந்தான். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத காலம் அது. எங்களுக்கு ஒதுக்கிய கன்டோனை, அதாவது மாநிலத்தை விட்டு வெளியே போவதென்றாலே எனக்குப் பயம். லிக்டன்ஸ்டைக் எங்கள் கன்டோனுக்குள்ளேதான் இருந்தது. ஆகவே பயணத்தைப் பற்றிப் பயமில்லை. எதை உடுத்துக்கொண்டு போவது என்பதில்தான் வீட்டில் பிரச்சினை.

"காற்சட்டை போட்டுக்கொண்டு போம். மலையெல்லோ ஏறச் சொல்லுவாங்கள்," என்றார் என் கணவர்.

"எல்லாரும் படம் எடுப்பினம். நான் சேலைதான் கட்டுவன்."

வந்த நாளிலிருந்து சூட்கேசுக்குள்ளேயே கிடந்த மாம்பழ நிறச் சேலையை எடுத்துக் கட்டினேன். குளிருக்கு மேலே அவருடைய சாம்பல் நிறச் சுவெற்றர். காலில் பழைய சாமான் கடையில் வாங்கிய, அரை அளவு பெரிய விளையாட்டுச் சப்பாத்து. கண்ணாடியில் இடுப்புக்கு மேலேயும் கணுக்காலுக்குக் கீழேயும் பார்க்காமல் விட்டால் நன்றாகத்தான் இருந்தது.

ரயிலில் எனக்கு எதிரே எங்கள் மேற்பார்வைக்காரி உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த பெண். வேலைத்தளத்தில் எல்லோரும் அவரை ஷெஃபின் என்றுதான் கூப்பிடுவோம். முதலாளியம்மா என்பது போல. நாங்கள் மடித்துவைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை விரலால் தடவிப் பார்ப்பார். ஓரம் ஒரு நூல் விலகியிருந்தாலும் உதறி விரித்துவிட்டு, "நோமோல்" என்பார். திரும்பச் செய் என்று அர்த்தம். நான் சுவிஸில் படித்த முதல் சொல் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. அதுதான்.

அன்றைக்கு அவர் என் சேலையைச் சப்பாத்திலிருந்து தோள்வரை ஒருமுறை பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. எனக்காக டொச்சு, அதாவது ஜெர்மன் மொழி கதைப்பது எங்களோடு வேலை செய்த மானிப்பாய்க்கார அக்காதான். அவ என்னை விட இரண்டு வருடம் முன்னால் வந்தவ.

லிக்டன்ஸ்டைக் ஒரு மேட்டின் மேலே இருந்தது. கீழே ஆறு. மேலே ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கிற பழைய வீடுகள். வீடுகளுக்குக் கீழே தெரு நெடுகிலும் வளைவு வளைவாகத் தூண் வைத்த நடைபாதை. மழை பெய்தாலும் நனையாமல் கடை கடையாகப் போகலாம். அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்களை ஓரிடத்தில் நிறுத்தி, கையைக் கையைக் காட்டிக் கால் மணித்தியாலம் கதைத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு இடத்தில் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"முந்தி இஞ்சை சந்தை நடந்ததாம்," என்றா அக்கா.

"அவ்வளவுதானோ?"

"இப்பவும் நடக்குதாம்."

நடந்துகொண்டுதான் இருந்தது. தூண்களுக்கிடையே மேசை போட்டு, பாலாடைக்கட்டி, கூடை, மரக்கரண்டி, கம்பளிக் காலுறை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் கூவவில்லை. யாரும் பேரம் பேசவில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஆளுக்காள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்படியும் ஒரு சந்தையா என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு கூடையைக் குனிந்து பார்த்தபோது சப்பாத்து சேலைக் கரையை மிதித்து, கொய்யக மடிப்பு முழுவதும் அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, ஒவ்வொரு மடிப்பாக எடுத்துத் திரும்பச் செருகினேன். வெளியே வந்தால் எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணவில்லை.

தெரு நடுவில் ஷெஃபின் மட்டும் கையில் பெயர்ப் பட்டியலோடு நின்றார். எண்ணிப் பார்த்து ஒரு ஆள் குறைந்ததால் மற்றவர்களை அனுப்பிவிட்டு எனக்காக நின்றிருக்கிறார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி, மலைப் பக்கம் கையை நீட்டி, வாயில் சாப்பாடு வைப்பது போலச் சைகை செய்தார். மேலே ஒரு சாப்பாட்டுக் கடையில் எங்களுக்கு மதியச் சாப்பாடு என்பது எனக்குத் தெரியும். இருவரும் நடந்தோம்.

ஊரைத் தாண்டியதும் பாதை பச்சைப் புல்வெளிக்குள் ஏறியது. அவர் முன்னால், நான் பின்னால். அவர் நடையும் வேலைத்தளத்து நடைதான், ஒரு அடிகூட வீணாக வைக்கவில்லை. வேலியில் ஒரு மரப்படலை வந்தது. அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகை அந்தப் படலைக்கு உள்ளே போகச் சொன்னது. ஷெஃபின் படலையில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பசுக்கள் நின்றன. கபில நிறம், இளம் வயது, கழுத்தில் மணி. எங்களைக் கண்டதும் மேய்வதை விட்டுவிட்டு எல்லாம் ஒன்றாக எங்களை நோக்கி வரத் தொடங்கின. ஷெஃபின் என் கையைப் பிடித்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"நைன்," என்றார். வேண்டாம் என்கிறார். மெல்ல, இன்னொருமுறை, "நைன்."

ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பசுவின் படம் போட்ட சொக்கலேற் விற்கிற நாட்டில் பிறந்தவர், பசுவுக்குப் பயப்படுவார் என்று யார் நினைப்பார்கள்? ஊரில் எங்கள் வீட்டில் இரண்டு பசு நின்றன. பள்ளிக்கூடம் போகுமுன் அவற்றை மாற்றிக் கட்டுவது என் வேலை. வாலைத் தூக்கி ஓடி வருகிற இளம் மாடு என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றும் நினைக்கவில்லை. புதினம் பார்க்க வருகிறது.

நான் படலையைத் திறந்து அவரை என் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாக்கைச் சொடுக்கிக் கையை அகல விரித்தேன்.

"என்னடி பிள்ளையள், சேலை கட்டின ஆளை முன்னம் காணேல்லையோ? தள்ளுங்கோ பாப்பம்," என்றேன்.

தமிழ் விளங்கியதோ என்னவோ, ஒதுங்கின. பாதி வெளியைக் கடந்துவிட்டோம். ஷெஃபின் என் சுவெற்றரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தார் என்றே நினைக்கிறேன். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. அப்போது என் சேலைத் தலைப்பு எங்கேயோ மாட்டி இழுபட்டது. திரும்பினால் ஒரு பசு அதை வாய்க்குள் வைத்து ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றது.

நான் இழுப்பதற்கு முன்னால் ஷெஃபின் கண்ணைத் திறந்துவிட்டார். பட்டுத் தலைப்பு மாட்டின் வாய்க்குள் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான், பயம் எங்கே போனதோ தெரியாது. நேரே போய்ப் பசுவின் மூக்குக்கு முன்னால் நின்று, எங்களை அதட்டும் அதே குரலில் என்னவோ சொல்லி அதட்டி, தலைப்பை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தார். பசு திகைத்துப்போய் வாயைத் திறந்து கொடுத்தது. எங்கள் வேலைத்தளத்தில் அந்தக் குரலுக்கு எல்லோரும் அப்படித்தான்.

அடுத்த படலைக்கு அப்பால் ஒரு மரத்தொட்டியில் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தலைப்பு எச்சிலும் புல்லுமாகப் பச்சை பிடித்துப்போயிருந்தது. ஷெஃபின் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நெய்தலை விரலால் தடவி, குளிர்ந்த தண்ணீரில் தேய்க்காமல் அலசினார். பிறகு நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து, படுக்கை விரிப்பை உதறுகிற மாதிரி உதறினோம். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பச்சை தெரிந்தது. நான் அதைக் காட்டி, எப்படித் துணிந்தேனோ, "நோமோல்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று கொஞ்சம் மற்றதன்மேல் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் அதைக் கண்டேன்.

மேலே போனபோது எல்லோரும் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஏன் சுணக்கம் என்று யாரோ கேட்டார்கள். ஷெஃபின் நிமிர்ந்து நின்று நீளமாக ஏதோ சொன்னார். மாடு என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்து "ஐயோ பாவம்" என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

"உன்னை மாடு துரத்தினதாம். நீ பயத்திலை அழுதனியாம். தான்தான் மாட்டோடை சண்டை பிடிச்சுக் காப்பாத்தினதாம்," என்றா அக்கா. "ஓமோ?"

நான் ஷெஃபினைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கைத்துடைப்பானை விரித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஓம் அக்கா," என்றேன். "நல்லாப் பயந்து போனன்."

சாப்பாட்டின் முடிவில் முட்டை வெள்ளைக்கருவில் செய்த மொறுமொறுப்பான இனிப்பும் அதன்மேல் மலை போலப் பாலாடையும் வந்தன. ஷெஃபின் தன்னுடையதைத் தொடாமல் மேசைக்குக் குறுக்கே என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்தவரோடு கதைக்கத் தொடங்கினார். இரண்டையும் சாப்பிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து முழுக் கதையையும் கணவருக்குச் சொன்னேன்.

"அப்ப நீர் ஏன் உண்மையைச் சொல்லேல்லை?"

"அந்த மனிசிக்குத் திங்கட்கிழமை முப்பது பேரை மேய்க்க வேண்டிக் கிடக்கு. நான் ஒருக்கா மாட்டுக்குப் பயந்த ஆளா இருந்தால் என்ன குறைஞ்சு போகும்?"

அவர் சிரித்துவிட்டு, தன் சுவெற்றர் ஏன் பின்பக்கம் இப்படி இழுபட்டுக் கிடக்கிறது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அங்கே வேலை செய்தேன். ஷெஃபின் மாறவில்லை. என் மடிப்பையும் மற்றவர்களுடையதைப் போலவே உதறிப் போட்டார். ஆனால் வேலைத்தளத்தில் யாராவது என்னைக் கண்டு மாடு போலக் கத்திப் பகிடி பண்ணினால், எங்கிருந்தோ வந்து முதலில் அதட்டுகிறவர் அவர்தான். அந்த வேளைகளில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.