றோசியின் முழங்கால்

தாதி வேலையில் இருக்கிற உங்களுக்குத் தெரியும்: "ஓய்வெடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கட்டிலை விட்டு இறங்காத நோயாளி இல்லை. பதினெட்டு வருஷமாக வார்டில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள் நான். இந்த வருஷம் வீட்டிலும் ஒரு நோயாளி வந்து சேர்ந்தாள். நாலு கால்.

ஒரு சந்தேகம்

என் மனுசன் அன்ரனிக்குப் பெரியமடுப் பக்கம் வயல். அங்கே பன்றி கலைக்கிறது எங்கட நாய் றோசி. அறுவடைக்குக் கிட்ட ஒரு பன்றியைத் துரத்தி வரம்பால் பாய்ந்ததில், பின்னங்கால் முழங்காலில் சவ்வு அறுந்துபோனது. வெளியூருக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்து, எலும்பில் உலோகத் தட்டு வைத்து ஆணி இறுக்கி, மன்னார் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

புறப்படும்போது மிருக வைத்தியர் விரல் மடக்கிச் சொன்னார்: எட்டுக் கிழமைக்கு ஓட்டம் இல்லை, பாய்ச்சல் இல்லை, படி ஏற்றம் இல்லை, கயிற்றில் மட்டும் நடை. அன்ரனி பூசையில் நிற்பதுபோலக் கைகட்டிக் கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு மெல்லக் கேட்டார்: "முயல் பிடிக்க மட்டும் விடலாமோ, டொக்டர்?"

வாளி

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு தந்தார்கள். இரண்டாம் நாளே கடித்து நொறுக்கிவிட்டாள். நான் பழைய வாளி ஒன்றின் அடியை வெட்டி மாட்டினேன். அதோடு கதவு, கதிரை, என் கெண்டைக்கால் எல்லாவற்றிலும் இடி. குரைத்தால் வாளிக்குள் இருந்து இரண்டு மடங்கு சத்தம்.

சைக்கிளில் மீன் கொண்டுவருகிற காதர் நானா, படலையடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெட்டியோடு பின்வாங்கினார். "தங்கச்சி, நாயைக் கட்டாட்டியும் காரியமில்லை, அந்த ஸ்பீக்கரைக் கழட்டுங்கோ!"

ஐந்து நிமிட நடை

காலையில் ஐஸ் ஒத்தடம். பிறகு முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுவது, பதினைந்து தரம். அதற்கெல்லாம் றோசி ராசாத்திபோலக் கிடப்பாள். நடைதான் கரைச்சல். மன்னாரில் கழுதை நிற்காத றோட்டு எது? ஒன்றைக் கண்டாளோ, மூன்று காலிலேயே இழுப்பாள். ஒருநாள் நான் யூனிபோமோடு புழுதியில் முட்டுக்காலில் விழுந்தேன். கயிற்றை மட்டும் விடவில்லை. கழுதை அசையவும் இல்லை.

முச்சக்கர வண்டியை நிறுத்தி ஒரு தம்பி எட்டிப் பார்த்தான். "மிஸி, உங்களில ஆருக்கு முழங்காலில வருத்தம்?"

ஐந்தாம் கிழமை

வேலையால் வந்து பார்க்கிறேன், கட்டியிருந்த இடத்தில் வெறும் கயிறு. பின்னேரம் அன்ரனி அவளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். வயலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பற்றைக்குள் ஏதோ சரசரக்க, உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து பாய்ந்திருக்கிறாள். முழங்கால் தேங்காய்போல வீங்கியிருந்தது. தொட விடவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். தட்டு விலகியிருந்தால் இனி அந்தக் கால் நிலத்தில் ஊன்றாது.

அடுத்தநாள் திரும்ப அதே வெளியூர், எக்ஸ்ரே. தட்டு அசையவில்லை. வெளியே மர வாங்கில் இருந்த அன்ரனியிடம் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வயலைக் காணாமல் அவள் ஏங்கிப்போனாள் எண்டுதான் கொண்டுபோனனான்."

திரும்ப வேலைக்கு

அந்த வீக்கத்தால் எட்டுக் கிழமை பன்னிரண்டாகியது. கடைசியில் நாலு காலும் ஊன்றி நடந்தாள், நொண்டல் கொஞ்சமும் இல்லை. வைத்தியரும் சரி என்றார். அன்ரனி பெருமையோடு வயலுக்குக் கொண்டுபோனார். பொழுதுபடப் பன்றி வந்தது. றோசி காவல் குடிலை விட்டு இறங்கவே இல்லையாம்.

உடம்பெல்லாம் சேறாக வந்து நின்ற மனுசனிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "இப்ப அவள் குரைக்கிறாள், நான் ஓடுறன்."

நோயாளியைவிட நோயாளியின் ஆட்களைச் சமாளிப்பதுதான் தாதிக்குப் பெரிய வேலை என்று வார்டில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அப்படி ஓர் ஆளைத்தான் கலியாணம் கட்டியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.