முதல் பள்ளிக்கூடத்தின் வாசல்

எங்கள் ஊரில் எது முதலில் நடந்திருந்தாலும் அதற்கு ஒரு பலகை உண்டு. முதல் கிணறு, முதல் மாவு மில், முதல் பேருந்து வந்து நின்ற இடம். கிணற்றை மூடி அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். மில் இருந்த இடத்தில் முள் மண்டிக் கிடக்கிறது. பலகைகள் மட்டும் பளபளவென்று இருக்கும். இருப்பதே நாலு தெரு. அதில் என் அக்கா வீட்டுச் சுவருக்குத்தான் முதல் பள்ளிக்கூடம் வந்து வாய்த்தது.

அக்கா தையல்காரி. முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் அவள் மிஷின். பள்ளிச் சீருடை தைப்பது, கால்சட்டைக்கு மடிப்பு அடிப்பது, அறுந்த ஜிப்பைப் பிடுங்கிப் புது ஜிப் வைப்பது என்று காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறவரை எழுந்திருக்கமாட்டாள். கோபம் வந்தால் குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். வாயில் ஊசி இருந்தால் பேச முடியாதே. மாமியார் இருந்த காலத்தில் கண்டுபிடித்த தந்திரம் அது. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. எதிர்வீட்டில் இருந்துகொண்டு அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

அத்தான் லாரி ஓட்டியவர். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வீட்டில் தங்கினால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சக்கர நாற்காலி வாசல் நிலைக்குள் நுழையவில்லை. நாலு விரல் அகலம் போதவில்லை. நாற்காலியை மடக்கிவிட்டு, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, அவரை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளே போனதும் குழறின வாயால் அவர் சொன்னார்: "இனி யாரும் என்னைத் தூக்கவேணாம். நாற்காலியோட போக முடிஞ்சா வெளிய போறேன். இல்லாட்டி இங்கயே கிடக்கறேன்."

அக்கா டேப்பை வைத்து நிலையை அளந்தாள். நாற்காலியை அளந்தாள். தச்சரைக் கூப்பிட்டு, நிலையைப் பெயர்த்து வாசலைப் பெரிதாக்கச் சொன்னாள். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார் அவர். அதற்குள் பலகை வந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரர்தான் ஊரின் பாரம்பரியக் குழுவுக்குத் தலைவர். நல்ல மனிதர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அத்தானுடைய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். யார் யாரையோ விசாரித்து, ஊரின் முதல் பள்ளிக்கூடம் இந்த முன்னறையில்தான் நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகை மாட்ட வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பிறகு தச்சர் வந்து கடப்பாரையை நிலையில் வைத்த நேரம், மருந்துக்கடைக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்.

"அம்மா, ஊரோட முதல் பிள்ளைங்க நுழைஞ்ச வாசல் இது. இனிமே இதுல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட அனுமதி வேணும்."

"அப்ப அனுமதி குடுங்க சார். இவரு எப்படி வெளிய வருவாரு?"

"நான் குடுக்க முடியாதேம்மா. ஊர் அலுவலகத்துல கேளுங்க."

அலுவலகத்தில், குழு சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றார்கள். குழுவில், அலுவலகம் சொல்லட்டும் என்றார்கள். மாறி மாறி அக்காவைப் பந்தாடினார்கள். தைக்கவேண்டிய துணிகள் குவிந்தன. அத்தான் உள்ளறையில் படுத்தபடி, தெருமுனையில் போகிற லாரிகளின் ஹாரனை வைத்து யாருடைய வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கும்போது எனக்கு அழுகையாக வரும். "பலகையைப் பேத்து எறி. என்ன பண்ணிடுவாங்க?" என்பேன். "கேஸ் போடுவாங்க. நீயா அலைவே?" என்பாள். திரும்ப ஊசி வாய்க்குப் போய்விடும்.

வெயில் காலத்தில் ஒரு நாள், பக்கத்து ஊர்களின் பாரம்பரியக் குழுக்காரர்கள் முதல் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். முன்னறை நிரம்பிவிட்டதால் நான் தெருவில் நின்றேன். மருந்துக்கடைக்காரர் நிலையைத் தடவிக்கொடுத்தபடி பேசினார். "இந்த வாசல் யாரையும் தடுத்ததில்லை. பணக்காரன், ஏழைன்னு பார்த்ததில்லை..."

அக்கா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின்மேல் இருந்த ஊசிமெத்தையில் குத்தினாள். திரையை விலக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நாற்காலியில் அத்தானை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கொஞ்சம் வழி விடுங்க. இவரும் வாசலைப் பார்க்கணும்."

நாற்காலி நிலையில் இடித்து நின்றது. அத்தான் நல்ல கையால் பிரேக்கை இழுத்துவிட்டார். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவர் முகத்தில் வெயில் படுவதைப் பார்த்தேன்.

முதலில் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு ஒருவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்றார். இன்னொருவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, குளியலறைதான் இருக்கிறது என்று திரும்பினார். ஒருவர் நாற்காலியின் பிடியைப் பற்றினார்.

"பார்த்து சார்," என்றாள் அக்கா. "இழுத்தா நிலை கீறிடும்."

அவர் கையை எடுத்துவிட்டார். அத்தான் பிரேக்கை விடவில்லை. கடைசியில் மிஷினை நகர்த்திவிட்டு, கம்பியில்லாத அந்த ஜன்னல் வழியாக ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். எல்லோருக்கும் பின்னால் மருந்துக்கடைக்காரர். ஒரு கால் தெருவில், ஒரு கால் அறையில் இருக்கும்போது அவர் கை ஜன்னல் சட்டத்தில் பட்டது. அப்படியே நின்று அதைத் தடவினார்.

"இது புது மரமாச்சே. எப்ப வெச்சீங்க?"

"எங்க மாமனார் வெச்சது. அதுக்கு முன்னாடி இங்க வெறும் சுவர்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது பாரம்பரியத்துல சேராதும்மா! சுவரை இடிச்சு இதையே வாசலா ஆக்கிக்குங்க. யாரும் கேட்கமாட்டாங்க."

ஜன்னலே இல்லாத அறையில், முதல் பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்தா படித்தார்கள் என்று கேட்க நான் வாயெடுத்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஆராய்ச்சி செய்து இதையும் கெடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஜன்னல் வாசலானது. வழியை அடைக்கும் என்று மிஷின் மூலைக்குப் போயிற்று. இப்போது பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டுதான் அக்கா தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறாள். பழைய வாசலுக்குப் பூட்டு. அதை வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அத்தானை முதன்முதலாக வெளியே தள்ளிவந்தது நான்தான். தெருவைப் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைக் காட்டினார். பலகைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லை. எழுத்துக்கூட்டி, முழுவதையும் படித்தார். பிறகு தலையைத் திருப்பி, ஜன்னல் இருந்த இடத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார்.

அக்கா வாயிலிருந்து ஊசியை எடுக்கவில்லை.